மின்மாற்றிக்குள் இருக்கும் எண்ணெய்: சுன்னாகத்துக்குப் பிறகு கேட்கவேண்டிய கேள்விகள்

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. மருதனார்மடம் சந்தியிலும் நின்றது. சந்தைக்கு எதிரே ஜெனரேற்றர் வைத்திருந்த கடைகள் அதை இயக்கின, இல்லாதவர்கள் கதவைப் பாதி சாத்திவிட்டுக் கைத்தொலைபேசியில் செய்தி பார்த்தார்கள். பின்னேரம் ஆகுமுன்னரே காரணம் வந்து சேர்ந்தது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியுடன் தொடுகையுற்றதால் முழுக் கட்டமைப்பும் சமநிலை குலைந்தது என்று எரிசக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாட்களுக்கு யாரும் மின்சாரத்தைப் பற்றிப் பேசவில்லை. குரங்கைப் பற்றியே பேசினார்கள். உலக ஊடகங்களும் அதையே விரும்பின.

எனக்கு அந்தச் செய்தியில் குரங்கைவிட மின்மாற்றிதான் உறுத்தியது. 2016 மார்ச் 13இல் நாடு இருண்டபோதும் பியகம உப மின்நிலையத்தில் மின்மாற்றி வெடித்ததாகத்தான் செய்திகள் வந்தன. அப்போதும் நாசவேலையா, பாதுகாப்புக்கு இராணுவத்தை நிறுத்துவதா என்று பேச்சு வேறு பக்கம் போனது. அந்த இரும்புப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அது எந்த நிலையில் இருக்கிறது, அதை யார் பார்க்கிறார்கள், பார்த்தால் யாருக்குச் சொல்கிறார்கள் என்ற கேள்விகள் செய்தியாளர் மாநாடுகளில் எழுவது அரிது. ஊடகக் கற்கை படித்த எனக்கும் அவற்றைக் கேட்கச் சில ஆண்டுகள் பிடித்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் வலிகாமத்தில் இருக்கிற ஒருவருக்கு இந்தக் கேள்வி தூரத்துக் கேள்வி அல்ல. எங்கள் சந்தியிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே சில நிமிடங்கள் போனால் சுன்னாகம். எண்ணெயும் மின்சாரமும் தண்ணீரும் ஒன்றோடொன்று மோதினால் என்ன ஆகும் என்பதை இலங்கையில் வேறு எந்த ஊரையும்விட நன்றாக அறிந்த ஊர் அது.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

ஒழுங்கை முகப்பில் கொங்கிறீட் தூணில் ஏற்றி வைத்திருக்கும் சாம்பல் நிறப் பெட்டியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாடப்புத்தகம் அதை நிலைமாற்றி என்றது, செய்தித்தாள் மின்மாற்றி என்கிறது, ஊர் ட்ரான்ஸ்ஃபோமர் என்கிறது. 11 அல்லது 33 கிலோவோல்ட்டில் வருகிற மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்ற அளவுக்கு அது இறக்குகிறது. உள்ளே இரும்புத் தகட்டுக் கருவும், காகிதம் சுற்றிய செம்பு அல்லது அலுமினியச் சுருளும் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கின்றன. ஒழுங்கையில் நிற்கும் சிறியதிலேயே நூறு லீற்றருக்கு மேல் எண்ணெய் இருக்கும். 132 கிலோவோல்ட்டைக் கையாளும் உப மின்நிலைய மின்மாற்றி ஒவ்வொன்றும் பல்லாயிரம் லீற்றர் கொள்ளும்.

இந்த எண்ணெய்க்கு இரண்டு வேலைகள். ஒன்று சுருளில் பிறக்கும் சூட்டை வெளியே கொண்டுபோவது. மற்றது மின்சாரம் பாயக்கூடாத இடத்தில் பாயாமல் தடுப்பது, அதாவது காவலியாக நிற்பது. எண்ணெயின் தரத்தை அறிய உலகெங்கும் செய்யும் சோதனை எளிமையானது. 2.5 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு மின்வாய்களை எண்ணெய்க்குள் வைத்து, பொறி பறக்கும்வரை வோல்ட்டளவை ஏற்றுவார்கள். நன்றாகச் சுத்திகரித்து ஈரம் நீக்கிய புது எண்ணெய் 70 கிலோவோல்ட்டையும் தாங்க வேண்டும். அதே எண்ணெயில் கொஞ்சம் ஈரமும் சில நார்த்துகள்களும் சேர்ந்தால் அந்த அளவு பாதிக்கும் கீழே விழுந்துவிடும். எண்ணெயில் கரைந்திருக்கும் வாயுக்களை ஆராய்வது இன்னொரு வழி. அசற்றலீன் கண்டால் உள்ளே எங்கோ பொறி பாய்ந்திருக்கிறது என்று பொருள். இரத்தப் பரிசோதனை மாதிரித்தான்: ஆள் சுகமாக நடமாடும்போதே வருத்தத்தைச் சொல்லிவிடும், எடுத்துப் பார்த்தால்.

இவை இரண்டும் எண்ணெய் எப்படி இருக்கிறது என்று சொல்லும். எண்ணெய்க்குள் மின்புலம் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்துகிறது என்பதைச் சொல்லமாட்டா. உடைவது எப்போதும் ஓர் இடத்தில்தான் தொடங்குகிறது. சராசரியாக எல்லாம் சரியாக இருந்து, ஒரு மூலையில் மட்டும் புலம் கூடியிருந்தால் அந்த மூலையே முழு மின்மாற்றியையும் கொண்டுபோய்விடும். அப்படியானால் அந்த மூலையை எப்படி அளப்பது? உலோக ஊசி ஒன்றை உள்ளே விட்டால் ஊசியே புலத்தைக் குழப்பிவிடும். அளக்கப் போன பொருள் அளவையே மாற்றிவிடுகிறது. ஊடகத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் அந்நியமானதல்ல.

ஒளியை விட்டுப் பார்ப்பது

மின்சாரத் தொழிலில் நாற்பது வருடம் கழித்து ஓய்வுபெற்ற உறவினர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இதைக் கேட்டபோது சொன்னார்: "தங்கச்சி, கையை விட்டுப் பாக்க ஏலாத இடத்தில லைற்றை விட்டுத்தான் பாக்கிறாங்கள்." விளக்கம் கேட்டேன். கொம்பாஸ் பெட்டிக்குள் இருந்த பிளாஸ்ரிக் அடிமட்டத்தை எடுத்து வரச் சொன்னார்.

மடிக்கணினியில் வெறும் வெள்ளைத் திரையை வைத்து, அதற்கு முன்னால் அந்த அடிமட்டத்தைப் பிடித்து, போலறோயிட் கறுப்புக் கண்ணாடியால் பார்த்தால் அடிமட்டத்துக்குள் வானவில் மாதிரி நிறப் பட்டைகள் தெரியும். அச்சில் வார்க்கும்போது பிளாஸ்ரிக்குக்குள் சிக்கிக்கொண்ட இறுக்கம் அது. திரையிலிருந்து வருவது ஒரே திசையில் அதிரும் ஒளி, முனைவாக்கிய ஒளி. இறுக்கமான இடத்தில் அந்த ஒளியின் ஒரு கூறு மற்றக் கூறைவிடக் கொஞ்சம் பின்தங்குகிறது. பின்தங்கிய அளவு நிறமாகத் தெரிகிறது. வீட்டில் யாரும் செய்து பார்க்கலாம்.

மின்புலமும் இதையே செய்யும் என்று 1875இல் கண்டவர் கிளாஸ்கோவில் இருந்த ஜோன் கேர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். முதலில் கண்ணாடியில் பார்த்தார், பிறகு திரவங்களில். புலம் இல்லாதபோது ஒளிக்கு எல்லாத் திசையும் ஒன்று. புலம் ஏறியவுடன், புலத்தின் திசையில் அதிரும் ஒளியும் அதற்குக் குறுக்கே அதிரும் ஒளியும் வெவ்வேறு வேகத்தில் போகின்றன. அந்த வித்தியாசம் புலத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். புலம் இரண்டு மடங்கானால் விளைவு நாலு மடங்கு. ஆகவே எண்ணெய்க்குள் லேசர் ஒன்றை விட்டு, மறுபக்கத்தில் அது எவ்வளவு திரும்பி வந்திருக்கிறது என்று பார்த்தால் வழியில் இருந்த புலத்தைக் கணக்கிடலாம். ஊசி வேண்டாம், தொடவும் வேண்டாம்.

கேட்க இலகுவாக இருக்கிறது. ஆனால் மின்மாற்றி எண்ணெய் இந்த விளைவை மிக மிகக் குறைவாகவே காட்டும் திரவம். ஆய்வுகூடங்களில் கேர் விளைவைக் காட்டப் பயன்படும் நைத்திரோபென்சீனோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதற்கும் குறைவு. ஒரு மில்லிமீற்றருக்கு 1 கிலோவோல்ட் என்ற புலத்துக்குள் ஒரு மீற்றர் தூரம் ஒளியை ஓடவிட்டாலும் இரண்டு கூறுகளுக்கும் இடையிலான அவத்தை வித்தியாசம் ஒரு பாகையை எட்டாது. அந்த ஒரு பாகைக்கும் குறைந்த அசைவைப் பிடிப்பதற்காக, புலத்தின் மீது சிறிய ஆடலோட்டம் ஒன்றை ஏற்றி, அதே தாளத்தில் ஒளி அசைகிறதா என்று மட்டும் கேட்கும் முறைகளை ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஸான் என்பவர் தன் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியை இதற்கே கொடுத்தார். யப்பானிலும் ஐரோப்பாவிலும் சீனாவிலும் இந்த வேலை நடக்கிறது.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஒளி போன பாதை முழுவதன் கூட்டு விளைவையே இம்முறை தரும். எண்ணெய் தெளிவாக இருக்க வேண்டும், பழுப்பேறிய பழைய எண்ணெயில் கடினம். ஒழுங்கையில் நிற்கும் மின்மாற்றிக்கு யன்னல் வைத்து லேசர் விட முடியாது. இது ஆய்வுகூட முறை. வடிவமைப்பாளர் கணினியில் போட்ட கணக்கு உண்மைதானா என்று மாதிரி ஒன்றில் சரிபார்க்கும் முறை. அப்படியானால் யாழ்ப்பாணத்து வாசகர் இதை ஏன் அறிய வேண்டும்?

மதுரையிலிருந்து வரும் நேரோட்டம்

2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி கொழும்பு வந்தபோது கைச்சாத்தான உடன்படிக்கைகளில் ஒன்று, இரு நாடுகளின் மின்கட்டமைப்புகளை உயர் அழுத்த நேரோட்டத்தால் இணைப்பது பற்றியது. பேச்சு பழையது. 2010இலேயே சாத்தியவள ஆய்வுக்கான உடன்படிக்கை கைச்சாத்தானது. முதலில் மதுரை – அநுராதபுரம் என்றார்கள், பிறகு மன்னார் பக்கம் முனையம் என்றார்கள். பாக்கு நீரிணையைக் கடலடிக் கேபிள் கடக்கும். எந்த வழியில் வந்தாலும் வட மாகாணத்துக்கு ஊடாகத்தான் வரும்.

இதில் அரசியல் நிறைய இருக்கிறது. மன்னார் காற்றாலைத் திட்டத்திலிருந்து அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது, நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் இந்திய உதவியுடன் கலப்பு மின்திட்டம், இடையில் சீனக் கம்பனி வந்துபோன கதை என்று எல்லாம் அலசப்பட்டுவிட்டன. தொழில்நுட்பப் பக்கம்தான் யாரும் தொடாமல் கிடக்கிறது. அதில் நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு விடயம் உண்டு.

ஆடலோட்டத்தில் எண்ணெயும் காகித அட்டையும் மின்னழுத்தத்தைப் பகிர்ந்துகொள்ளும் விதம் ஒன்று. அங்கே எண்ணெய்தான் கூடுதல் பாரம் தாங்கும், அட்டையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. நூறு வருட அனுபவத்தில் பொறியியலாளர்களுக்கு அது மனப்பாடம். நேரோட்டத்தில் கணக்கு தலைகீழ். அங்கே தீர்மானிப்பது தடைத்திறன். அட்டையின் தடைத்திறன் எண்ணெயினதைவிடப் பத்து, நூறு மடங்கு, சிலவேளை அதற்கும் மேல். ஆகவே பாரம் அட்டைக்கு மாறுகிறது. அதுவும் நிலையானதல்ல. எண்ணெய் சூடாகும்போது, ஈரம் ஏறும்போது, பழசாகும்போது தடைத்திறன் மாறும், அதோடு பாரப் பகிர்வும் மாறும். எண்ணெய்க்கும் அட்டைக்கும் இடையிலான எல்லையில் மின்னேற்றம் வந்து தேங்கும். அந்த நிலையில் துருவத்தைச் சடுதியாக மாற்றினால் தேங்கிய ஏற்றம் உடனே போகாது. சில நேரம் எண்ணெய் எதிர்பாராத அழுத்தத்துக்கு ஆளாகும். இதைக் கணக்குப் போட்டு மட்டும் அறிவது கடினம். ஏற்றம் எங்கே எவ்வளவு தேங்கியது என்று எண்ணெய்க்குள்ளேயே பார்க்க வேண்டும். ஒளியால் அளக்கும் முறைக்கு வேலை வருவது இங்கேதான்.

பாய்ந்தோடும் எண்ணெயே ஏற்றத்தை உண்டாக்கும் என்பதும் இதோடு சேர்ந்த கதை. 1970களிலும் 80களிலும் யப்பானிலும் அமெரிக்காவிலும் பெரிய மின்மாற்றிகள் சில காரணம் புரியாமல் பழுதாயின. சூட்டைக் குறைக்க எண்ணெயை வேகமாக ஓடவிட்டதே காரணம் என்று பின்னர்தான் தெரிந்தது. காகித அட்டைமீது உராய்ந்து ஓடிய எண்ணெய் ஏற்றத்தை அள்ளிக்கொண்டு போய் வேறிடத்தில் சேர்த்தது. குளிர்விக்க எடுத்த நடவடிக்கையே கொன்றுவிட்டது.

தமிழ்நாட்டுக்கு இந்த நேரோட்டம் புதிதல்ல. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டத்துப் புகளூர்வரை 800 கிலோவோல்ட்டில், 6,000 மெகாவாட் கொண்டுவரக்கூடிய பாதை 2020–21இல் இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 1,765 கிலோமீற்றர். அதற்கும் பிற உயர் அழுத்தப் பாதைகளுக்கும் கோபுரம் நாட்ட நிலம் எடுத்தபோது கொங்குப் பகுதி விவசாயிகள் இழப்பீடு கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். அந்த அனுபவத்தையும் நாங்கள் படிக்க வேண்டும்.

ஆகவே மன்னாருக்கோ வேறெங்கோ முனையம் வரும்போது கேட்கவேண்டிய முதற்கேள்வி, எந்தத் தொழில்நுட்பம் என்பது. தைரிஸ்ரரில் இயங்கும் பழைய வகையில், மின்சாரம் போகும் திசையை மாற்ற வேண்டுமானால் துருவத்தை மாற்ற வேண்டும். இன்று இந்தியாவிலிருந்து வாங்கி நாளை அங்கே விற்கப்போகிற இணைப்பு என்றால் அது அடிக்கடி நடக்கும், எண்ணெய்க் காவலிக்கு மேலே சொன்ன சோதனை ஒவ்வொரு முறையும் வரும். வோல்ட்டளவை மூலமாகக் கொண்ட புதிய வகையில் மின்னோட்டத்தின் திசை மாறும், துருவம் மாறாது. மின்மாற்றிக்குச் சுகம். புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்குப் போகும் பாதை இந்தப் புது வகை. கேபிளிலும் இதே மாதிரிக் கேள்வி உண்டு: எண்ணெய் ஊறிய காகிதக் காவலியா, பொலித்தீன் வகைக் காவலியா? பாக்கு நீரிணையில் வலை போடுகிற மீனவருக்கு இது வெறும் பொறியியல் தெரிவு அல்ல. இவற்றை ஒப்பந்தம் முடிந்த பிறகு அறிந்து பயன் இல்லை.

சுன்னாகம் சொன்னது

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சுன்னாகத்துக் கிணறுகளில் மிதந்தது மின்மாற்றி எண்ணெய் என்று நான் சொல்லவில்லை. அங்கே பிரச்சினையானது மின்பிறப்பாக்கிகளை ஓட்டிய எரிபொருளினதும் கழிவு எண்ணெயினதும் மாசு. இரண்டும் வெவ்வேறு. ஆனால் எண்ணெயை அளப்பதிலும், அளந்ததை மக்களுக்குச் சொல்வதிலும் நமது நிறுவனங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றதை அனுபவித்த தலைமுறைக்கு, சுன்னாகத்தில் மறுபடி இயந்திரச் சத்தம் கேட்டது ஒரு நிம்மதி. அம்மா இன்றைக்கும் ஜாம் போத்தல் விளக்கையும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டதையும் சொல்லுவா. போர் முடிந்த பிறகு நொதேர்ன் பவர் என்ற தனியார் நிறுவனம் அங்கே மின்சாரம் பிறப்பித்து மின்சார சபைக்கு விற்றது. பக்கத்திலேயே சபையின் உத்துரு ஜனனி 24 மெகாவாட் நிலையமும் வந்தது. கிளிநொச்சியிலிருந்து 132 கிலோவோல்ட் பாதை வந்து குடாநாடு தேசியக் கட்டமைப்போடு மீண்டும் சேர்ந்தது. கறண்ட் கிடைத்த சந்தோஷத்தில் யாரும் நிலத்தைப் பார்க்கவில்லை.

கிணற்றில் எண்ணெய்ப் படலம் என்று முறைப்பாடுகள் கூடியபோது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வு ஒன்று 150 கிணறுகளைப் பார்த்தது. 109 கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தன. 2015 ஜனவரியில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். மல்லாகம் நீதவான் நீதிமன்றம் தனியார் நிலையத்தின் இயக்கத்தை நிறுத்தியது. அதற்குப் பிறகு நடந்ததுதான் கசப்பானது. மாகாண சபை அமைத்த நிபுணர் குழு ஒன்று சொன்னதும் மற்ற ஆய்வுகள் சொன்னதும் பொருந்தவில்லை. போர்க்காலத்தில் குண்டுவீச்சில் சிந்திய எண்ணெய் என்று ஒரு வாதம், பழைய மின்நிலையத்தின் கழிவு என்று இன்னொரு வாதம். யாருடைய எண்ணெய் என்ற வழக்கு நடந்துகொண்டிருக்க, சனம் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றது.

இந்த வழக்கை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் தெற்கிலிருந்து வந்த சுற்றாடல் செயற்பாட்டாளர் ரவீந்திர குணவர்தன காரியவசம் என்பதை நாங்கள் மறந்துவிடக்கூடாது. 2019 ஏப்ரல் 4இல் தீர்ப்பு வந்தது. நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டும், பாதிக்கப்பட்ட கிணற்றுச் சொந்தக்காரர்களுக்கு அது பகிரப்பட வேண்டும் என்றது நீதிமன்றம். ஒரு கிணற்றுக்கு அதிகபட்சம் 40,000 ரூபா. மத்திய சுற்றாடல் அதிகார சபையும் முதலீட்டுச் சபையும் கடமையில் தவறியதையும் தீர்ப்பு சுட்டியது. சூழல் வழக்குகளில் அது முக்கியமான தீர்ப்பு. ஆனால் ஒரு கிணற்றின் விலை 40,000 ரூபா என்று எழுதும்போது கை கொஞ்சம் நிற்கத்தான் செய்கிறது.

குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் குழியுமாகக் கிடக்கிற கல். வலிகாமத்து நீர்ப்படுக்கை குடாநாட்டின் மிகப் பெரியது. மேலே ஊற்றியது மணல் நிலத்தில் போல வடிகட்டப்பட்டு மெதுவாக இறங்காது, வெடிப்பு வழியே போய்ச் சேர்ந்துவிடும். ஆறு இல்லாத ஊரில் கிணற்றுக்கு மாற்று இல்லை. மின்மாற்றி எண்ணெய் பற்றி நான் கவலைப்படுவதற்கு இந்த நிலவியலே காரணம்.

மீதமாகும் எண்ணெய்

மின்மாற்றிக்குள் இருக்கும்வரை எண்ணெயால் பெரிய தொல்லை இல்லை. வெளியே வரும்போதுதான் பிரச்சினை: பழுதுபார்க்கும்போது, மாற்றும்போது, இரும்புக்கு விற்கும்போது. பழைய மின்மாற்றிகள் சிலவற்றில் பி.சி.பி. எனப்படும் பல்குளோரின் இருபீனைல்கள் இருக்கின்றன. தீப்பிடிக்காது, பழுதாகாது என்பதற்காக ஒருகாலத்தில் போற்றப்பட்ட இரசாயனம். பழுதாகாத குணமே வினையானது. மண்ணிலும் உடல் கொழுப்பிலும் பல்லாண்டு தங்கும், புற்றுநோயை உண்டாக்கும். சுத்தமான கனிம எண்ணெய் இருந்த மின்மாற்றிக்குள்ளும், ஒரே வடிகட்டும் இயந்திரத்தைப் பொதுவாகப் பாவித்ததால் இது பரவியது.

இலங்கை 2005இல் ஏற்றுக்கொண்ட ஸ்ரொக்ஹோம் சமவாயத்தின்படி, இத்தகைய கருவிகளைப் பாவனையிலிருந்து நீக்க 2025 இலக்கு ஆண்டு. எண்ணெயில் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் பி.சி.பி. இருந்தால் அதைக் கழிவாகப் பாதுகாப்பாகக் கையாண்டு முடிக்க 2028. முதல் வரம்பு கடந்தாயிற்று. இரண்டாவது கிட்ட நிற்கிறது.

இதற்கிடையில் இலங்கையில் கழித்த மின்மாற்றி எண்ணெய் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று ஒட்டுத் தொழிலகங்கள். வெல்டிங் இயந்திரத்தைக் குளிர்விக்க மலிவான எண்ணெய் அது. கை கழுவாமல் சோறு சாப்பிடும் இளம் தொழிலாளிக்கு அதற்குள் என்ன இருக்கிறது என்று யார் சொன்னது? நாட்டின் பி.சி.பி. ஆய்வுகளில் வெல்டிங் பட்டறைகள் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். காங்கேசன்துறை வீதியின் இரு பக்கமும் பட்டறைகள் உள்ள ஊரில் இது சின்ன விடயமாகப்படவில்லை.

மாற்று இல்லாமல் இல்லை. தாவர எண்ணெய்களை மின்மாற்றிக்குப் பாவிப்பது உலகில் வளர்ந்துவரும் வழக்கம். அவை இலகுவில் தீப்பிடிக்கா, மண்ணில் உக்கிப்போகும். தேங்காய் எண்ணெய் சரிவருமா என்று மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் 2001இலேயே ஆராய்ந்திருக்கிறார்கள், பின்னர் வேறு பல்கலைக்கழகங்களிலும் அந்த ஆய்வு தொடர்ந்தது. அதன் பெரிய குறை மார்கழி, தை விடியலில் குளியலறைப் போத்தலைப் பார்க்கும் எவருக்கும் தெரியும்: உறைந்துவிடும். யாழ்ப்பாணத்துச் சூட்டில் அது எவ்வளவு பெரிய தடை, இயங்கும் மின்மாற்றி எப்படியும் சூடாகத்தானே இருக்கும், பத்து மணித்தியாலம் நிறுத்தி மறுபடி ஏற்றினால் என்ன ஆகும் என்பதெல்லாம் உள்ளூரில் வைத்தே சோதிக்கக்கூடியவை. கிளிநொச்சியில் யாழ். பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் பீடம் இருக்கிறது. கிணற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் மின்மாற்றிகளுக்காவது எந்த எண்ணெய் பொருத்தம் என்ற ஆய்வுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் நாட்டில் இல்லை.

யாரிடம் கேட்பது?

இப்போது நிர்வாகமும் மாறுகிறது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டமும் 2025இல் வந்த அதன் திருத்தமும் மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கின்றன. தொழிற்சங்கங்கள் வேலை, ஓய்வூதியம், தனியார்மயம் பற்றிப் பேசுகின்றன, அது அவர்களது உரிமை. ஆனால் ஆயிரக்கணக்கான மின்மாற்றிகளின் எண்ணெய்ச் சோதனைப் பதிவேடுகள் எந்தக் கம்பனிக்குப் போகும்? அனுப்பீட்டுக் கம்பனியின் உப நிலையத்தில் சிந்திய எண்ணெய்க்கும், விநியோகக் கம்பனியின் ஒழுங்கை மின்மாற்றியில் சிந்திய எண்ணெய்க்கும் ஒரே ஆளிடம் முறையிடலாமா? சுன்னாகத்தில் ஒரு தனியார் நிறுவனம், ஒரு சபை, இரண்டு அதிகாரசபைகள் இருந்தபோதே பொறுப்பு பந்து மாதிரி உருண்டது.

கேட்பதற்கு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனங்களிடம் இந்தப் பதிவுகளைக் கோர இடம் தருகிறது. உங்கள் பிரதேச சபை எல்லைக்குள் எத்தனை மின்மாற்றிகள், எவை எந்த ஆண்டில் செய்தவை, எத்தனை பி.சி.பி.க்காகச் சோதிக்கப்பட்டன, 50 மில்லிகிராமைத் தாண்டியவை எத்தனை, அவை இப்போது எங்கே, பழைய எண்ணெயை ஏலத்தில் வாங்கியவர் யார், உப மின்நிலையத்தில் மின்மாற்றிக்குக் கீழே எண்ணெய் தேக்கும் தொட்டி இருக்கிறதா, மழைக்கு அது நிரம்பினால் நீர் எங்கே போகும். இந்தக் கேள்விகளை எழுத இயற்பியல் பட்டம் தேவையில்லை. உடுவில், தெல்லிப்பழை பக்கத்துச் சனசமூக நிலையம் ஒன்று முயன்றாலே போதும். பதிலுக்கு 14 வேலை நாட்கள் என்கிறது சட்டம், காரணம் காட்டினால் இன்னும் 21 நாட்கள் எடுக்கலாம்.

இந்திய இணைப்புப் பற்றியும் அதேபோல. முனைய நிலையத்துக்கான சூழல் மதிப்பீடு வெளிவரும்போது கருத்துச் சொல்ல 30 நாட்கள் தருவார்கள். அதில் தமிழில் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்று கேட்பதில் தொடங்கலாம். பறவைகள், பனைகள், கோபுரம் நிற்கும் காணி என்று எழுதும் பக்கங்களுக்கு நடுவே, எத்தனை ஆயிரம் லீற்றர் எண்ணெய், எந்த வகை, எந்தச் சோதனை, முடிவை யார் பார்க்கலாம் என்ற பக்கமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உறவினர் அடிமட்டத்தைத் திருப்பித் தந்தபோது நான் கேட்டேன், அவர் வேலை செய்த காலத்தில் எண்ணெய்ச் சோதனை முடிவுகளை யாராவது பொதுமக்கள் வந்து கேட்டதுண்டா என்று. அவர் கொஞ்சம் யோசித்தார். "கறண்ட் எப்ப வரும் எண்டு கேப்பினம். அவ்வளவுதான்" என்றார்.